முதல் வட்டம்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஹேமாவதி காலை நடைக்கு வருகிறாள் என்றால் எதிரே வருகிறவர்களுக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். சிலருக்கு அந்த நேரம் பார்த்து போன் வரும். பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர், அவளைப் பார்த்த மாத்திரத்தில் எதையோ மறந்துவிட்டதுபோல நெற்றியில் தட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். மறுநாளும் அதே இடத்தில் அதையேதான் மறந்தார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு வருஷமாக ஹேமாவதியின் கைப்பையில் பேனா மூடி திறந்தே இருக்கிறது. யாராவது இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டால் போதும், வட்டம் போட ஆரம்பித்துவிடுவாள். மேலே ஒரு வட்டம், அது நீங்கள். கீழே இரண்டு வட்டம், அது நீங்கள் சேர்த்துவிடுகிறவர்கள். அதற்குக் கீழே நாலு, அதற்கும் கீழே எட்டு. தாள் தீர்ந்துபோகும்போது நீங்கள் மாலத்தீவில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள்.

விற்கிற சரக்கு என்னவோ சாதாரணமானதுதான். ‘மினுக்கு’ என்று பெயர். பாத்திரம் தேய்க்க ஒன்று, தரை துடைக்க ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று மூன்று திரவங்கள். கடையில் கிடைக்காது, ஆள் மூலமாகத்தான் வாங்க வேண்டும். வாங்கியவர் விற்கலாம். விற்கிறவர் இன்னொருவரைச் சேர்க்கலாம். சேர்ந்தவர் சேர்த்தவருக்குக் கீழே தொங்குவார், அவர் சேர்ப்பவர் அவருக்குக் கீழே. மொத்தத்துக்கும் மரம் என்று பெயர். இந்த மரம் மட்டும் மேலிருந்து கீழ்நோக்கி வளரும்.

சேரும் நாளில் எல்லோரும் ஒரு நோட்டில் தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுத வேண்டும். ஹேமாவதியும் எழுதினாள். சேர்ந்தவர் பெயரைச் சுற்றி வட்டம், மாட்டேன் என்றவர் பெயர்மேல் கோடு. நூறில் முதல் பெயர் கேசவன். அவள் வீட்டுக்காரர். அவள் வாழ்க்கையில் போட்ட முதல் வட்டமே அவருக்குத்தான், கரண்ட் பில் கார்டின் பின்பக்கத்தில். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “எல்லாரும் எல்லாரையும் சேத்துட்டா பாத்திரம் யார் தேய்ப்பா?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மூண்ட கோபத்தில் அவர் பெயரைச் சுற்றி வட்டமும் போடவில்லை, கோடும் கிழிக்கவில்லை. அது அப்படியே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் அவள் பணத்தாசை பிடித்து இதில் இறங்கவில்லை. இருபத்தாறு வருஷம் கேசவன் வீட்டம்மாவாக இருந்தாள். நிகில் பள்ளிக்கூடம் போன காலத்தில் நிகில் அம்மாவாக இருந்தாள். நிகில் புனேவில் வேலைக்குப் போனதும் மறுபடியும் கேசவன் வீட்டம்மா ஆனாள். ‘மினுக்கு’ மீட்டிங்கில்தான் முதல்முறையாக ஒருவர் “ஹேமாவதி மேடம்” என்று மைக்கில் கூப்பிட்டார். அந்த ஒரு சத்தத்துக்காக ஆறு வருஷம் அலைந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

இப்போது அந்த மைக் மறுபடியும் கூப்பிடப் போகிறது. தன் மரத்தில் குறைந்தது இருபது பேரை மூன்று மாதம் விடாமல் வைத்திருப்பவர் ஸ்டார் லீடர். அவளிடம் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மூன்றாவது மாதத்தின் கடைசி நாள், ஆகஸ்ட் முப்பத்தொன்று, இன்றைக்கு. மாலை ஆறு மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் விழா. புது ஸ்டார்களையும் புது லீடர்களையும் தோளில் பட்டை போட்டு, பேர் சொல்லி, மேடையில் ஏற்றுவார்கள். மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தாகிவிட்டது, ரவிக்கையும் கேம்ப் ரோடு தையல்காரரிடமிருந்து வந்துவிட்டது.

காலை பத்து மணிக்கு ஷ்யாம்சுந்தர் போன் செய்தார். மரத்தில் அவளுக்கு மேலே இருப்பவர், மேடவாக்கத்துக்காரர். பால்காரரிடம் பேசினாலும் மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார். வாழ்த்தை முடித்துவிட்டு ஒரு எச்சரிக்கை சொன்னார். பரிதா கிளையில் இன்றைக்கு யாரையும் ஏற்றாதீர்கள் என்றார்.

பரிதா பல்லாவரத்துக்காரி. ஹேமாவதி சேர்த்தவர்களிலேயே கெட்டிக்காரி. அவளுக்குக் கீழே ஒன்பது பேர். பத்தாவது ஆள் வந்த நிமிஷம் பரிதா லீடர் ஆகிவிடுவாள். லீடர் ஆனவள் தன் ஆட்களோடு கிளை பிரிந்து தனிமரமாகிவிடுவாள், இது கம்பெனி சட்டம். பிரிந்தால் இருபத்தொன்பதில் பரிதாவும் அந்த ஒன்பது பேரும் போய்விடுவார்கள். மிச்சம் பத்தொன்பது. ஸ்டாருக்கு ஒன்று குறையும்.

“ஒரே ஒரு நாள் மேடம். நாளைக்குக் காலைல பரிதாவை லீடர் ஆக்குங்க, யார் வேண்டாம்னா? ரெண்டு பேருக்கும் நல்லது” என்றார் ஷ்யாம்சுந்தர். ஹேமாவதிக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஒரு நாள் தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும்?

ஆனால் இந்த மாதம் தாண்டினால் சரக்கு உரிமைக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், அது பரிதாவுக்கு என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். லீடர் ஆனால்தான் சரக்கைச் சொந்த வீட்டில் இறக்கிவைக்கலாம். அதுவரை பரிதா வாராவாரம் பல்லாவரத்திலிருந்து சிட்லபாக்கம் வந்து, ஐந்து லிட்டர் கேன்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். போன மாதம் கை மணிக்கட்டில் வீக்கம். தோல் பெல்ட் தைக்கும் அவள் கணவர் சௌகத் அலி, மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய சாமான்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, சரக்கு வைக்கப் பலகை அடித்துக் காத்திருக்கிறார். அதை பரிதா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். வெறும் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பியவளை நினைத்து ஹேமாவதி அன்றைக்குச் சிரித்தாள்.

பதினோரு மணிக்கு பரிதாவே கூப்பிட்டாள். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் மாட்டிக்கொண்டாளாம், பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா சேர வருகிறார்கள், லீடர் போனிலிருந்துதான் பதிய முடியும் என்பதால் உங்கள் வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாளைக்கு வரச் சொல் என்று ஹேமாவதி வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர் அங்காளம்மாள். அறுபதைத் தொட்ட வயசு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது பதினாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஹேமாவதியை உற்றுப் பார்த்தார். ஹேமாவதியும் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். இலை வருவதற்குள் இருந்த இடைவெளியில், மேஜையில் விரித்திருந்த காகிதத்திலேயே ஹேமாவதி வட்டம் போட்டாள். எட்டு வட்டம் வரைக்கும் போனபோது பரிமாறுகிறவர் வந்து அதன்மேல் இலையை விரித்துவிட்டார்.

“நீதானே அது? சோத்துக்கு முன்னால இன்னாமோ வட்டம் வட்டமா போட்டுக்கினு இருந்தியே” என்றார் அங்காளம்மாள்.

ஹேமாவதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காரணம் இருந்தது. சேர வருகிறவர் யாருடைய ஆள் என்பதில் கம்பெனி தலையிடாது. சண்டை வராமல் இருக்க டீமுக்குள்ளேயே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் வட்டம் யார் போட்டாரோ, ஆள் அவருக்கு. நடுவில் நாலு பேர் போய்ப் பேசியிருந்தாலும் முதல் வட்டத்துக்குத்தான் உரிமை. சேலையூரில் இரண்டு ஓர்ப்படிகள் இதற்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்தி, பிறகு வழக்கப்படி முதல் வட்டக்காரியிடமே ஆளை ஒப்படைத்தார்கள். ஆகவே அங்காளம்மாள் தன் ஆள். திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை, பரிதாவே வந்து கேட்டாலும் வழக்கம் இதுதான் என்று நிமிர்ந்து சொல்லலாம்.

சமையலறைப் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு ஒரு காபி போடச் சொன்னாள். கேசவன் பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

போனை எடுத்துப் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். பெயர், விலாசம் எல்லாம் அடித்தாள். கடைசியில் ‘சேர்த்தவர் எண்’ என்ற கட்டம். போன் அவளுடையது என்பதால் அவள் எண்ணே அதில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கீழே இருந்த பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். ஒருதரம் தொட்டுவிட்டால் பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் மாற்ற முடியாது. அதுவும் கம்பெனி சட்டம்.

பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அன்றைக்கு ஆர்வம் காட்டாதவர் இன்றைக்கு எப்படி மனசு மாறினீர்கள் என்று கேட்டாள்.

அங்காளம்மாள் கால்களைச் சோபாவில் மடக்கிக்கொண்டார். “நீ போட்டது ஒண்ணும் எனுக்குப் புரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பொண்ணு, பரிதா, எங்க வூட்டுக் குடித்தனக்காரங்களைப் பாக்க வந்துது. வந்ததும், வூட்லயே மோசமான பாத்திரம் எது கீது, அத்தக் கொடுங்கன்னுது. ஆடி மாசம் அம்மன் கோயிலுக்குக் கூழ் காச்சின அண்டா, அடிப்புடிச்சு வெளிய கெடந்துது. நாலு பேரு தேச்சு வுட்டுட்டானுங்க. அத்த இழுத்துப் போட்டுக்கினு ரெண்டு மணி நேரம் குந்திக்கினு தேச்சா. மூஞ்சி தெரியுது இப்ப அதுல.”

“அப்புறம் சேருங்கன்னு சொன்னாளா?” என்றாள் ஹேமாவதி.

“எங்க சொன்னா? கையக் கழுவிக்கினு, ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டா. நான்தான் தெரு முனை வரைக்கும் போயிக் கூப்டேன்.”

ஹேமாவதி போனைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் தான் ஒரு அண்டாவைத் தேய்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு டம்ளரைக்கூடத் தேய்த்துக் காட்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் எதையோ கிறுக்கிவிட்டு, இன்றைக்கு அதன் பேரில் உரிமை கொண்டாடப் பார்க்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. முதல் வட்டமாம். அது இலைக்கு அடியில் போய், ரசம் ஊறி, குப்பைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது.

பரிதாவின் எண் ஞாபகமில்லை என்று சாக்கு சொல்லவும் வழியில்லை. பெற்ற பிள்ளையின் போன் நம்பரைக் கேட்டால் யோசிப்பாள், ஆனால் டீமில் உள்ள இருபத்தொன்பது பேரின் எண்ணும் மனப்பாடம். கட்டத்தில் இருந்த தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழித்தாள். பரிதாவின் எண்ணை அடித்தாள். பச்சைப் பொத்தானைத் தொட்டாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை பீரோவில் இருப்பது நினைவுக்கு வந்தது. அதை மறைக்க, காபி இன்னும் வரலியா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

காபி வரவில்லை. கேசவன் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தார். வெயிலுக்கு மோர்தான் நல்லது என்றார். எங்கேயோ பால் கருகுகிற வாசனை அடித்தது. பக்கத்து வீட்டில் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

அங்காளம்மாள் போன பத்து நிமிஷத்தில் ஷ்யாம்சுந்தர் கூப்பிட்டு, மேடையில் பேசுகிற குரலை எல்லாம் மறந்து சாதாரண மனிதராகக் கத்தினார். அவள் கேட்டுக்கொண்டாள். அவர் வைத்ததும் பரிதா கூப்பிட்டாள்.

“அக்கா, எனக்கு லீடர்னு மெசேஜ் வந்திருக்கு. தப்பா எதுனா வந்துடுச்சாக்கா?”

“சரியாத்தான் வந்திருக்கு பரிதா. இனிமே கேன் தூக்கிட்டு நீ இங்க வர வேண்டாம்.”

பரிதா, “கேன் இல்லாம வரலாம்லக்கா?” என்று கேட்டாள்.

வா என்று சொல்வதற்குள் ஹேமாவதிக்குக் குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து அழாதவள் அதற்கு அழுதாள்.

சாயங்காலம் ஐந்து மணி. ஹேமாவதி நூறு பேர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு ஆள் கிடைத்தால் இருபது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் வட்டம், இல்லையென்றால் கோடு. ஏரிக்கரை மேனேஜரின் பெயர்மேல் மூன்று கோடு. மீதி இருந்தது முதல் பக்கத்து முதல் பெயர் மட்டும்தான்.

அந்தப் பெயருக்குரியவர் வந்து எதிரே உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. என்னைச் சேத்துக்கோ. ஆதார் கார்டு எடுத்து வச்சிருக்கேன்” என்றார்.

ஆறு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. உண்மையிலேயே ஆதார் கார்டு சட்டைப் பையில் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் வந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. கூடவே சிரிப்பும் வந்தது. மாசக் கடைசியில் இப்படி வீட்டு ஆட்களைப் போட்டு நிரப்புவது நடக்கிறதுதான். இதே கம்பெனியில் திரிபுரசுந்தரி என்று ஒருத்தி மாமியாரையும் மூன்று நாத்தனார்களையும் சேர்த்து ஸ்டார் ஆனாள். அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இன்றைக்கும் விற்காத கேன்கள் இருக்கின்றன.

“வேண்டாங்க” என்றாள் ஹேமாவதி.

“கோபமா?”

“கோபம் இல்ல. உங்களைச் சேத்தா மேடைல ஏறிடுவேன். ஆனா அங்கயும் கேசவன் வீட்டம்மாவாத்தான் நிப்பேன். அதுக்கு இந்த வீடே போதும்.”

கேசவன் எழுந்து உள்ளே போனார். மனசு நோகும்படி சொல்லிவிட்டோமோ என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பால் பாத்திரம். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாகக் கருகிப்போயிருந்தது.

“பக்கத்து வீட்டுதா?” என்றாள்.

“நம்மதுதான். நீ அந்த அம்மாவை யார் பேர்ல போடப் போறேன்னு ஒட்டுக் கேட்டுட்டு இருந்தேன். பாலை மறந்துட்டேன்.” பாத்திரத்தை அவள் முன்னால் வைத்தார். “நீ யார் பேர்ல போட்டேன்னு அந்தம்மா போகும்போது சொல்லிட்டுப் போனாங்க. பாத்திரத்தை ஒளிச்சு வச்சது பயத்துலதான்.”

ஹேமாவதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். மாதிரிக்கு வைத்திருந்த பாட்டிலைத் திறந்தாள். ஆறு வருஷமாக மாதிரிக்கென்றே இருந்த பாட்டில், மூடி இறுகிப்போயிருந்தது. அவர்தான் திருகிக் கொடுத்தார். இரண்டு மூடி ஊற்றி, வெந்நீர் விட்டு, ஊறவிட்டாள். இரண்டு பேரும் தொட்டிப் பக்கத்திலேயே நின்றார்கள். அவள் வட்டம் எதுவும் போடவில்லை, மாலத்தீவைப் பற்றிப் பேசவில்லை. பரிதா அனுப்பிய பலகை போட்டோவைக் காட்டினாள். சௌகத் அலி நேர்த்தியாக அடித்திருக்கிறார் என்று கேசவன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பரிதா மேடை ஏறுவதைப் பார்க்கக் கீழே முன் வரிசையில் உட்கார வேண்டும், மாம்பழக் கலரை அதற்கே கட்டலாம் என்று அவள் தீர்மானித்தாள்.

பிறகு நாரை எடுத்துத் தேய்த்தாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. மூச்சு வாங்கியது, முழங்கை வலித்தது. மெல்ல ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது, அது அகலமாகிக்கொண்டே வந்தது. சரக்கு நல்ல சரக்குதான் என்று அவளுக்கு ஆறு வருஷம் கழித்துத் தெரிந்தது. கூடத்துக் கடிகாரம் ஆறு அடித்தபோது அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கழுவிக் கவிழ்த்ததும் கேசவன் பாத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஒரு பாட்டில் என்ன விலை?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று தேடினாள். மனிதர் ஆணியில் மாட்டியிருந்த பாண்ட்டிலிருந்து பர்ஸை எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் சேரச் சொல்லி அவரிடம் மன்றாடியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

விலையைச் சொன்னாள். வீட்டு ஆள் என்று தள்ளுபடி கிடையாது என்றும் சொன்னாள். அவர் சில்லறை சரியாகக் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டார்.

ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஹேமாவதி நோட்டைத் திறந்தாள். முதல் பக்கம், முதல் பெயர். வட்டம் போடவும் முடியாது, கோடு கிழிக்கவும் முடியாது. வாங்கினார் என்று எழுத அந்த நோட்டில் இடமே ஒதுக்கவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.